செபிக்கச் சொல்லித்தந்த உங்களுக்கு

இயேசுவில் அன்பானவர்களே,

ஈஸ்டருக்கு முந்திய பாஸ்கா திருவிழிப்பு இரவில் நான் திருமுழுக்குப் பெற்றபோது உடன் நின்றவர்களுக்கும், அதற்குப் பிறகு வந்த சாதாரண நாட்களில் என்னைக் கைவிடாதவர்களுக்கும் இந்த மடல். மறைக்கல்வியில் நிறையப் படித்திருந்தேன். ஆனால் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்தால் கடவுளிடம் என்ன பேசுவது? அதைப் பக்கத்தில் இருந்து செபித்தே கற்றுக்கொடுத்தீர்கள்.

முதல் நன்றி என் ஞானத்தாய்க்கு. அக்கா, ‘அருள்நிறை மரியே’ என்ற செபம் எனக்கு மனப்பாடமாகத் தெரியும். செபமாலையைக் கையில் எடுத்தால் மணிகள் நகரும், மனம் நகராது. நீங்கள்தான் செபமாலையில் பத்தே பத்து மணிகளை மட்டும் சொன்னால் போதும் என்றீர்கள். செபமாலையில் இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் துயர மறையுண்மைகளில் முதலாவதான கெத்சமனியை, கைதாகுமுன் அவர் செபித்த தோட்டத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மணிக்கும் அந்தத் தோட்டத்தில் ஒன்றைப் பார்க்கச் சொன்னீர்கள். தூங்கிப்போன சீடர்கள், முகங்குப்புற விழுந்து கிடக்கும் இயேசு, அவர் விலக்கச் சொல்லிக் கேட்ட துன்பக் கிண்ணம், தேற்ற வந்த வானதூதர். அவசரமே இல்லாமல் அங்கேயே இருந்தோம். அப்புறம், 2002-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சேர்த்த, வியாழக்கிழமைகளில் சொல்லும் ஒளியின் மறையுண்மைகளைச் சொல்லித்தந்தீர்கள். அன்று முதல் வியாழக்கிழமை வந்தாலே எனக்கு மகிழ்ச்சிதான், கானா ஊர்த் திருமணம் அதில் வருகிறதே! இரசம் தீர்ந்துவிட்டது என்று மட்டும் மரியா மகனிடம் சொல்கிறார். இன்னதைச் செய் என்று சொல்லவில்லை. எதையாவது வேண்டும்போது நீட்டி முழக்காமல் இருக்க அந்த அம்மாவிடம்தான் கற்றுக்கொண்டேன்.

சிஸ்டர், உங்களுக்கு நான் பட்ட கடன் பெரிது. வீட்டில் ஒருவர் நோயில் படுத்த நாட்களில் கடவுள்மேல் எனக்குக் கோபம் இருந்தது, கோபத்தோடு செபிக்கலாமா என்று தயக்கமும் இருந்தது. அறிவுரை எதுவும் சொல்லாமல் விவிலியத்தின் 13-ஆம் திருப்பாடலை எடுத்துக் கொடுத்தீர்கள். இன்னும் எத்தனை நாள் என்னை மறந்திருப்பீர் என்று அது நேராகவே ஆண்டவரைக் கேட்கிறது. பிறகு 88-ஐக் காட்டினீர்கள். கடைசி வரிகூட இருளில்தான் முடிகிறது. அப்படிப்பட்ட பாடலைத் திருச்சபை ஒதுக்கி வைக்கவில்லை, வெள்ளிக்கிழமை இரவுச் செபத்தில் இன்றும் சொல்கிறது என்று நீங்கள் சொன்னபோது அழுதுவிட்டேன். நான் வாயைத் திறக்குமுன்பே எனக்கான வார்த்தைகள் அங்கே இருந்திருக்கின்றன.

பங்குத்தந்தைக்கு: செபத்தில் கவனம் சிதறுகிறது என்று வந்து நின்றபோது ஸ்பெயின் நாட்டுத் துறவியான அவிலா புனித தெரேசாவைப் பற்றிச் சொன்னீர்களே, ஃபாதர். சில ஆண்டுகள் அவரே செப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காத்திருந்தவராம்! அவரைத்தான் 1970-இல் திருச்சபையின் மறைவல்லுநராக, அதாவது நம்பிக்கையைக் கற்பிக்கும் பெரிய ஆசிரியராக அறிவித்தார்கள். சிதறும் எண்ணங்களைத் துரத்தாதே, உள்ளத்துக்குத் திரும்பி வா, அது போதும் என்றீர்கள். இன்றுவரை அதைத்தான் செய்கிறேன், ஒரே செபத்தில் பலமுறை.

திருப்பலிக்கு முன்பே வந்து எனக்குப் பின்வரிசையில் அமரும் பாட்டிக்கு, பேத்திக்காக வேண்டிக்கொள் என்று ஒருநாள் என்னிடம் கேட்டீர்கள். என்னை நம்பி ஒருவர் செபம் கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு என்னால் செபத்தை விட முடியவில்லை, ஒரு பிள்ளையின் பெயர் காத்துக்கொண்டிருந்தது.

என் நம்பிக்கையில் பங்கில்லாத என் வீட்டாருக்கும் நன்றி. நான் செபிக்கும் நேரம் தெரிந்து தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தீர்கள், ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் சொன்னபடி இரவில் அந்த நாளைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் இப்போது எனக்கு வந்திருக்கிறது. முதலில் நன்றி சொல்ல வேண்டும் என்பது அவர் வகுத்த வரிசை. உங்கள் ஒவ்வொருவர் பெயரும் அங்கே வருகிறது. உங்களுக்குச் செபக் கருத்து ஏதாவது இருந்தால் தயங்காமல் சொல்லி அனுப்புங்கள். பாட்டி, பேத்திக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை கேட்கிறேன்.

இயேசுவுக்கே புகழ்.

அன்புடன்,
உங்கள் பங்கின் புதிய பிள்ளை