இடிக்கும் முன் கல்லையும் பெல்ட் போன வழியையும் அளந்து வையுங்கள்

பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும், நகரின் பழைய கட்டடங்களைப் பதிவு செய்யும் அன்பர்களுக்கும் வணக்கம்.

2011-இல் 42 உள்ளாட்சிகள் சேர்ந்து மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. அவற்றில் 25 கிராம ஊராட்சிகள். அந்த ஊர்க் கடைத்தெருக்களின் பழைய ஓட்டலும் மாவு மில்லும் இடிபடும்போது முகப்பை மட்டும் படம் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.

மாவு அரைக்கும் மெஷின் காயலான் கடைக்குப் போயிருந்தாலும் அது நின்ற மேடை இருக்கும். போல்ட்டுகளின் இடைவெளியைக் குறியுங்கள். சுவரில் நீளவாக்கில் ஓட்டை இருந்தால் பெல்ட் அந்த வழியாகப் போயிருக்கும். மோட்டாரோ ஆயில் என்ஜினோ அடுத்த அறையில் ஓடியிருக்கும். பெல்ட் சுற்றி ஓடும் சக்கரங்களான புல்லிகள் கிடைத்தால் விட்டத்தை அளங்கள். மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று, அதன் புல்லி 6 அங்குலம், மில் புல்லி 12 அங்குலம் என்றால் அரைக்கும் கல் சுமார் 720 சுற்று சுற்றியது. பெல்ட் வழுக்குவதால் கொஞ்சம் குறையும்.

கல்லைத் தூக்கி எறிய விடாதீர்கள். அதன் முகத்தில் நடுவிலிருந்து விளிம்புவரை உளியால் கொத்திய வரிகள் இருக்கும். நடுவில் ஆழமாக, விளிம்பில் மேலாக. தானியம் நடுவில் உடைந்து விளிம்பில் மாவாகிறது. வரி மழுங்கினால் கல் அரைக்காது, தேய்க்கும். மாவு சூடேறிக் கருகல் வாடை வரும். தானியம் இல்லாமல் ஓடினால் கல்லோடு கல் உரசி, கல்பொடி மாவில் விழும். கல்வெட்டுக்குப் படி எடுப்பதுபோல இந்த முகத்துக்கும் தாள் விரித்துப் படி எடுக்கலாம். ஒரு கொத்தனின் கைப்பழக்கம் அதில் அப்படியே பதிந்திருக்கும்.

அளவுநாடாவுக்கு அகப்படாததும் உண்டு. ஒரே மெஷின் இருந்த மில்லில் அரிசி, கேழ்வரகு, கோதுமை முதலில். மல்லியும் மிளகாயும் கடைசியில். பிறகு ஒரு பிடி அரிசி போட்டுக் கல்லைத் துடைப்பார்கள். இதை மில்காரர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

ஓட்டலில் ஆட்டுக்கல் பதித்த குழிகளை எண்ணுங்கள். விலைப்பலகையைச் சுரண்டாமல் முதலில் படம் எடுங்கள். அணாவில் விலை இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது, 'ந.பை.' (நயா பைசா) என்றால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. பில்லில் ஆறிலக்க அஞ்சல் எண் இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது.

பெயர்ப்பலகையையும் மறைக்காமல் பதியுங்கள். 'பிராமணாள்' என்ற சொல்லை ஓட்டல் பலகையிலிருந்து எடுக்கச் சொல்லி 1957-இல் திருவல்லிக்கேணியில் பெரியார் போராட்டம் நடத்தினார். உள்ளே யார் உட்கார்ந்தார்கள், யாருக்கு வாசலோடு சரி என்பதும் ஓட்டலின் வரலாறுதான்.

எங்கள் கோரிக்கை இதுதான்: இடிப்பு அனுமதி விண்ணப்பத்தில் இந்த அளவுகளுக்கு ஒரு பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர், ஓர் அளவுநாடா, அரை நாள் போதும். கல்லையும் பலகையையும் வார்டு அலுவலகத்தில் வாங்கி வையுங்கள்.

இப்படிக்கு,
மாவு மில், ஓட்டல் தொழில் அறிந்தவர்கள்