கடல் விலகிப் போன தெரு

சிங்கப்பூர்

அன்பு நண்பா,

மகள் வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. பேரனுக்கு முன்பல் முளைத்துவிட்டது. என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மற்ற கதையெல்லாம் ஊருக்கு வந்து பேசிக்கொள்ளலாம். தெலுக் ஆயர் தெருவைப் பார்த்துவிட்டு உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேற்று காலை அங்கே தியான் ஹொக் கெங் என்ற சீனக் கோயிலுக்குப் போனேன். பக்கத்திலேயே அலுவலகக் கோபுரங்கள் வானத்தை மறைத்து நிற்கின்றன. கோயிலோ கூரை முகட்டில் டிராகன்கள் நெளியத் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிறது. சீனாவின் ஃபூஜியனிலிருந்து கப்பலேறி வந்த ஹொக்கியன் மக்கள் 1839இல் தொடங்கி 1842இல் கட்டி முடித்தது. ஆணி அடிக்காமல் மரத்தோடு மரத்தைக் கோத்தே நிறுத்திய வேலை.

மூலஸ்தானத்தில் மாட்சு, கடல் தெய்வம். புயலில் சிக்கியவர்களைக் கரைசேர்த்த மீனவக் குடும்பத்துப் பெண் என்பது ஐதீகம். பின்கட்டில் குவான் யின். நம் பக்கத்து அவலோகிதேசுவரர்தான் சீனாவுக்குப் போய்ப் பெண் வடிவம் எடுத்திருக்கிறார். தாவோ, பௌத்தம் என்றெல்லாம் நாம்தான் பிரித்துப் பேசுகிறோம். என் முன்னால் நின்ற பாட்டி ஒருத்தி இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் வேண்டிக்கொண்டாள். மூன்று ஊதுவத்தியை நெற்றிக்கு நேரே பிடித்திருந்தாள். சூடான சாம்பல் மணிக்கட்டில் உதிர்ந்தது. உதடு அசைவது நிற்கும்வரை அதைத் தட்டிவிடவே இல்லை.

அந்தக் காலத்தில் கோயில் வாசல்வரை கடல் இருந்ததாம். கப்பலிலிருந்து இறங்கியவர்கள் உயிரோடு வந்து சேர்ந்ததற்கு முதலில் இங்கேதான் நன்றி சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் கடலைத் தூர்த்துத் தூர்த்து நகரம் வெளியே நீண்டுவிட்டது. இப்போது அலைச் சத்தம்கூடக் கேட்காத இடத்தில் இருக்கிறாள் மாட்சு. எனக்கு மனசு என்னவோ செய்தது.

உத்திரத்தைத் தாங்கும் உருவங்கள் சில நம்மவர்கள் சாயலில் இருக்கின்றன. கட்டுமானத்தில் கைகொடுத்த சூலியாக்களுக்கு, அதாவது சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழர்களுக்கு, செய்த மரியாதை என்கிறார்கள். இருக்கும் என்றே தோன்றுகிறது. ஏனென்றால் அதே தெருவில், கொஞ்சம் தள்ளி, உங்கள் நாகூர் தர்கா! ஷாகுல் ஹமீது ஆண்டகை நினைவாக நம் ஊர்க்காரர்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டியது. கோயிலுக்கு அந்தப் பக்கம் குச்சுப்பள்ளி என்ற பள்ளிவாசல். 1827இல் குடிசையாக ஆரம்பித்ததால் அந்தப் பெயர். ஆண்டகையும் கடலோடிகளுக்குத் துணை, மாட்சுவும் கடலோடிகளுக்குத் துணை. ஒரே கரையில் இறங்கியவர்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே பயத்துக்கு ஆறுதல் தேடியிருக்கிறார்கள்.

தர்கா வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். குட்டி மினாராக்களைப் பார்த்ததும் உன் ஞாபகம்தான். உன் தாத்தா நாகப்பட்டினத்திலிருந்து ரஜுலா கப்பலில் சிங்கப்பூர் வந்தவர் என்று பள்ளிக்கூட நாளில் சொல்வாயே, அவர் இந்தத் தெருவுக்கு வந்ததாக ஏதாவது சொன்னதுண்டா? அம்மாவிடம் கேட்டு எழுது. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி போகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்