கோட்டுக்குக் கோட் தேய்க்கணுமா?

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று போனில் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். பெயிண்ட் அடிக்கும்போது ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் சுவரை உப்புத்தாளால் தேய்க்கவேண்டுமா என்று கேட்டாய். பெயிண்டர் வேண்டாம் என்கிறார், மாப்பிள்ளை தேய்த்தே ஆகணும் என்கிறார். ரெண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி.

உன் தாத்தா சுண்ணாம்பு அடித்த காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. நம்ம செங்கோட்டை அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. 1956-ல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த அப்புறமும் ரொம்ப நாள் சுண்ணாம்புதான். நனைத்த சுவரில் மெல்லிசாக மூன்று தரம் அடிப்பார், அவ்வளவுதான். சுவரைச் சமமாக்கப் பூசுகிற பட்டியும், தண்ணீர் கலந்து அடிக்கிற எமல்ஷன் பெயிண்டும் வந்தபிறகுதான் உப்புத்தாளுக்கு வேலை.

தேய்ப்பில் முக்கால்வாசி பட்டியிலேயே முடிந்துவிடவேண்டும். முதல் பட்டிக்கு 120 நம்பர் தாள், இரண்டாவதுக்கு அதைவிட நைசான 220. வெள்ளை சிமென்ட் பட்டியை நாள்கணக்கில் போட்டுவைக்காதே, இறுகிப்போனால் தேய்க்கிறவர் கை கடுத்துப்போகும். பெயிண்டுக்கு முன்னால் அடிக்கிற பிரைமர் காய்ந்ததும் 220-ஐ அழுத்தாமல் ஒரு தரம் ஓட்டினால் போதும். எமல்ஷன் முதல் கோட்டுக்கு மேலே முழுச் சுவரையும் தேய்க்கத் தேவையில்லை. ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார். ரோலர் முடி, தூசி, ஒழுகின கோடு எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். அந்த இடத்தை மட்டும் லேசாகத் தேய்க்கச் சொல்.

தேய்க்கும்போது தாளைப் பார். வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் பெயிண்ட் காய்ந்துவிட்டது. அழி ரப்பர் தூள் மாதிரி சுருண்டு தாளில் அப்பினால் காயவில்லை, கையை எடுத்துவிட வேண்டியதுதான். டப்பாவில் போட்டிருக்கிற மணிக்கணக்கு நல்லா வெயில் காய்கிற நாளுக்கு. உங்க புனலூரில் இடவப்பாதி மழை பிடித்துவிட்டால், இங்கே சாரல் நாளில் துணி காயாமல் கிடக்கிறமாதிரிதான் சுவரும். ஒரு ராத்திரி கூடுதலாக விடு.

தேய்த்த பொடியைத் துடைக்காமல் அடுத்த கோட் அடிக்க விடாதே. கடையநல்லூரில் ஒரு வீட்டில் அவசரத்தில் அப்படி அடித்துவிட்டேன். மறுமழைக்கே பெயிண்ட் பாளம் பாளமாக உரிந்தது. உரிந்த துண்டின் பின்பக்கத்தைத் தடவினால் விரலில் மாவு மாதிரி பொடி. அந்த வீட்டம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. என் கைக்காசில் திரும்ப அடித்துக் கொடுத்தேன், ஆனாலும் இன்றைக்கும் மனசு உறுத்துகிறது. பிழிந்த ஈரத்துணியால் மேலிருந்து கீழே துடைத்து, ஈரம் போனதும் அடிக்கட்டும்.

கதவு ஜன்னல் வேறு கதை. அதற்கு அடிக்கிற எனாமல் பெயிண்ட் வழவழப்பானது, அதன்மேல் அடுத்த கோட் பிடிக்காது. அங்கே ஒவ்வொரு கோட்டுக்கும் பளபளப்பு மங்குகிறவரை தேய்த்தே ஆகவேண்டும். மாப்பிள்ளை சொல்வது அங்கே சரி.

ஆனால் தாயி, அந்த ஜன்னல்கள் பழசு. வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தின எனாமலில் ஈயம் இருக்கலாம். அந்தப் பொடி பிள்ளை வயிற்றுக்குள் போனால் மூளையைக் கெடுக்கும். தவழ்கிற பிள்ளை, தரையில் கை வைத்து அப்படியே வாயில் வைக்கும். அந்தப் பழைய எனாமலைச் சும்மா தேய்க்க விடாதே. நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாளான வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்கணும், பொடி பறக்கவே கூடாது. கீழே பாலிதீன் விரித்து, அந்தச் சேற்றை அப்படியே சுருட்டி எடுக்கணும். துடைப்பம் போடக்கூடாது.

நான் சனிக்கிழமை கொல்லம் ரயிலில் வருகிறேன். அதுவரை ஜன்னலில் யாரும் கை வைக்கவேண்டாம் என்று பெயிண்டரிடம் சொல்லிவிடு. வாட்டர் பேப்பர் நானே வாங்கி வருகிறேன். ஜன்னல் தேய்க்கிற ரெண்டு நாளும் பிள்ளையை உன் மாமியார் வீட்டில் விட்டு வை.

அப்பா