சிறார் உணவுக் குறிப்புகளில் மாவுச்சத்தின் அளவையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் நீரிழிவு உள்ளவர்களுக்கான உணவு முறை பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பெரியவர்களுக்கு அது பயன்படும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சோற்றைக் குறையுங்கள், பழங்களைத் தவிருங்கள், எடையைக் கட்டுப்படுத்துங்கள் என்னும் அறிவுரைகளை, தன் குழந்தைக்கு நீரிழிவு என்று நேற்றுதான் அறிந்த ஒரு தாயோ தந்தையோ அப்படியே கடைப்பிடித்தால் என்ன நேரும் என்பதை என் வீட்டிலேயே கண்டவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

என் மகளுக்கு மூன்று வயதில் முதல் வகை நீரிழிவு இருப்பது தெரியவந்தது. பெரியவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் இரண்டாம் வகையில் இன்சுலின் சுரந்தாலும் உடல் அதைச் சரிவரப் பயன்படுத்திக்கொள்வதில்லை. முதல் வகையிலோ, உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. இனிப்பு தின்றதால் வரும் நோய் அன்று இது. உணவைக் குறைப்பதால் இன்சுலின் தேவையில்லாமல் போகும் நோயும் அன்று. இதை அறியாமல், முதல் இரண்டு மாதங்கள் சோறு, ரொட்டி, வாழைப்பழம் எதையும் அவள் கண்ணில் படாமல் வைத்திருந்தேன். கருவியில் தெரிந்த சர்க்கரை அளவு எனக்கு நிறைவளித்தது. குழந்தையின் எடைதான் ஏறவேயில்லை. பிறகு எங்களைப் பார்த்த உணவியல் வல்லுநர் ஒரு சிறிய சமையலறைத் தராசை மேசைமேல் வைத்து, “எதையும் ஒளித்து வைக்காதீர்கள் அம்மா, எடை பார்த்துக் கொடுங்கள்” என்றார். அன்றிலிருந்து அந்தத் தராசைப் போன்ற ஒன்று எங்கள் அடுப்படியில் இருக்கிறது.

1922 ஜனவரியில் டொரண்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்படும் வரை, இந்நோய் கண்ட குழந்தைகளின் ஆயுளைச் சிறிது நீட்டிக்க மருத்துவர்களிடம் இருந்த வழி ஏறத்தாழப் பட்டினி ஒன்றே. இன்சுலின் வந்து நூறாண்டு கடந்த பின்னும் வளரும் குழந்தையின் தட்டைப் பெற்றோர் அச்சத்தால் காலியாக வைப்பது எனக்குத் தாங்கவொண்ணாத வருத்தம் தருகிறது. இக்குழந்தைகளுக்கும் ஆற்றலில் 40 முதல் 50 விழுக்காடு வரை மாவுச்சத்திலிருந்தே (சர்க்கரையும் அடங்கிய கார்போஹைட்ரேட்) கிடைக்க வேண்டும் என்பதுதான் இன்று குழந்தை நீரிழிவு மருத்துவர்கள் கூறும் பொது வழிகாட்டல்.

ஆகவே, எங்களுக்கு வேண்டிய தகவல் ஒவ்வொரு கவளத்திலும் எத்தனை கிராம் மாவுச்சத்து இருக்கிறது என்பதே. அதை வைத்துத்தான் இன்சுலின் அளவைக் கணக்கிடுகிறோம். 200 மில்லி பாலில் ஏறத்தாழ 10 கிராம், நடுத்தர வாழைப்பழத்தில் பாதியில் 13 கிராம், ஒரு துண்டு ரொட்டியில் சுமார் 15 கிராம், 50 கிராம் சோற்றில் 14 கிராம். இவை மனத்தில் பதிந்துவிட்டால் சிற்றுண்டி அமைப்பது எளிது. ரொட்டித் துண்டின்மேல் வேர்க்கடலை வெண்ணெயை மெல்லியதாகத் தடவியோ, முட்டையைப் பொரித்து வைத்தோ கொடுத்தால் வயிறும் நிறையும், சர்க்கரையும் சற்று மெதுவாக ஏறும். சிறிய ஆப்பிளில் பாதியும் சர்க்கரை சேர்க்காத தயிர் 100 கிராமும் சேர்ந்தால் 15 கிராம் அளவில் நிற்கும். நன்றாக வேகவைத்து இலேசாக மசித்த கொண்டைக்கடலை 50 கிராமில் 13 கிராம் இருந்தாலும் நார்ச்சத்தும் புரதமும் உள்ளதால் அது என் மகளுக்கு மாலையில் நன்றாகத் தாங்குகிறது. இரண்டு உணவுகளுக்கு நடுவில் பசிக்கிறது என்று அழுதால், அவித்த முட்டை, வெள்ளரிக்காய், பாலாடைக்கட்டி ஆகியவற்றை மாவுச்சத்துக் கணக்கு ஏறக்குறைய இல்லாமலே கொடுக்கலாம். வேர்க்கடலை போன்ற முழுக் கொட்டைகளையும் முழுத் திராட்சையையும் ஐந்து வயதுக்கு உட்பட்ட எந்தக் குழந்தைக்கும் அப்படியே கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். திராட்சையை நெடுவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுக்க வேண்டும்.

‘நீரிழிவுக்கு உகந்தவை’ என்று விற்கப்படும் பிஸ்கட்டுகள் தேவையே இல்லை. அவற்றில் மாவு இருக்கத்தான் செய்கிறது, சிலவற்றில் சேர்க்கப்படும் சார்பிடால் போன்ற இனிப்பூட்டிகள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கும் உண்டாக்கும்.

சிறு குழந்தை விஷயத்தில் மிகக் கடினமானது, அது எவ்வளவு சாப்பிடும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாமைதான். சாப்பாட்டுக்கு 15 நிமிடம் முன்பே ஊசி போடுவது நல்லது என்பார்கள். ஊசி போட்டபின் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினால் பெற்றோரின் நெஞ்சு பதைக்கும். கெஞ்சுவதும் மிரட்டுவதும் உணவையே பகையாக்கிவிடும் என்பதால், மருத்துவரின் அறிவுரைப்படி ஒரு பகுதியை முன்பும் மீதியை அவள் தின்றதைப் பார்த்துவிட்டும் போட்டுவருகிறோம். நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்க விட்டால் சர்க்கரை இறங்கவே இறங்காது. இரண்டு மூன்று மணி நேர இடைவெளியாவது வேண்டும்.

இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போது மட்டும் இந்தச் சிற்றுண்டி விதிகள் எதுவும் பொருந்தா. ஒருமுறை மழலையர் பள்ளியில் என் மகள் வியர்த்து நடுங்கியபோது, அன்பு மிகுந்த ஓர் ஆசிரியை அவளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்நேரத்தில் வேண்டியது குளுக்கோஸ், அல்லது சர்க்கரைத் தண்ணீர், பழச்சாறு. அளவு குழந்தையின் எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 0.3 கிராம் குளுக்கோஸ். அதாவது 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு. பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதித்துப் பார்க்க வேண்டும். மயங்கிய குழந்தையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது; உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும்.

தங்கள் ஞாயிறு இதழில் சிறுவர்களுக்கான சமையல் குறிப்புகள் வருகின்றன. ஒவ்வொரு குறிப்பின் அடியிலும், ஒரு குழந்தைக்குப் பரிமாறும் அளவின் எடையையும் அதிலுள்ள மாவுச்சத்தையும் கிராமில் ஒற்றை வரியாக அச்சிடுமாறு வேண்டுகிறேன். அந்த வரி இருந்தால், மற்றப் பிள்ளைகள் தின்னும் அதே பண்டத்தை என் மகளுக்கும் அதே நாளில் என்னால் செய்து கொடுக்க முடியும்.

இங்ஙனம்,
முதல் வகை நீரிழிவு உள்ள ஆறு வயதுச் சிறுமியின் தாய்