அப்பா, இந்த ஞாயிறு வர வேண்டாம்

அப்பா,

உதைபந்தாட்ட மத்தியஸ்தர் பயிற்சியை முடித்துவிட்டேன். வருகிற ஞாயிறு முதல் ஆட்டம், பத்து வயதுக்குட்பட்ட பெட்டைப் பிள்ளைகள். எந்தப் பூங்கா, எத்தனை மணிக்கு என்று தம்பியிடம் விசாரித்தீர்களாம். வர வேண்டாம்.

நாலு பேர் வாசிக்கிற இடத்தில் இதை எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். நேரில் கதைக்கத் தொடங்கினால் ரீவிச் சத்தத்தைக் கூட்டிவிடுவீர்கள். அதோடு லண்டனில் வெம்பிளி, ஹரோ பக்கத்துப் பூங்காக்களில் ஞாயிறு காலை கோட்டோரம் நிற்கும் எங்கள் ஆட்கள் கனபேர் இருக்கிறார்கள். அவர்களும் வாசிக்கட்டும். வீட்டுக்குள் நடந்த சிலதை இங்கே எழுத மாட்டேன். பெரியப்பா வீட்டிலும் இதைப் படிப்பார்கள்.

நான் சின்னதில் விளையாடிய அந்த மழை நாளை மட்டும் எழுதியே ஆக வேண்டும். கோட்டோரம் கயிறு கட்டியிருந்தார்கள். இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் 2008இல், மத்தியஸ்தரை மதிக்கச் சொல்லும் ரெஸ்பெக்ட் திட்டத்தைத் தொடங்கியதோடு வந்த கயிறு; பெற்றோர் அதற்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். நீங்கள் பெற்றோல் செட்டில் இரவு வேலை முடித்து நேரே வந்திருந்தீர்கள். கயிறு வயிற்றில் இழுபட, பாதி உடம்பு மைதானத்துக்குள். மத்தியஸ்தராக வந்தவள் பள்ளிக்கூடப் பிள்ளை. இங்கே 14 வயதிலேயே மத்தியஸ்தராகலாம், அவளுக்கு அதைவிட ஒன்றிரண்டு கூட இருந்திருக்கும். என்னை ஒருத்தி பின்னாலிருந்து தள்ளினாள், விழுந்தேன், விசில் வரவில்லை. "கண் தெரியேல்லையோ பிள்ளை உனக்கு?" என்று தமிழில் தொடங்கினீர்கள். பிறகு ஆங்கிலத்தில். அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

அவள் ஆட்டத்தை நிறுத்தினாள். எங்கள் பயிற்றுநரிடம் போய், நீங்கள் அங்கிருந்து போகும்வரை ஆட்டம் தொடராது என்றாள். கோட்டுக்கு வெளியே போன பந்து என் கையில் இருந்தது. இரண்டு அணிப் பிள்ளைகளும் உங்களைப் பார்க்கவில்லை அப்பா, என்னைத்தான் பார்த்தார்கள். நீங்கள் காருக்குள் போய் இருந்த பிறகு அவள் விசிலை வாயில் வைத்தாள். கை நடுங்கியது. வென்றோமா தோற்றோமா என்பது எனக்கு நினைவில்லை, அந்தக் கை நினைவிருக்கிறது.

வழமையாகத் திரும்பும் வழியெல்லாம் ஒவ்வொரு பந்தையும் எடுத்து, அதை நான் எங்கே அடித்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வருவீர்கள். அன்று ஒரு சொல்லும் இல்லை. கடையில் நிறுத்தி மட்டன் ரோல்ஸ் வாங்கித் தந்தீர்கள். உங்களுக்கென்று ஒன்றும் வாங்கவில்லை. நித்திரை இல்லாத கண்ணோடு, நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்த நேரம் உங்கள் மேல் எனக்கு வந்த அன்பு இன்றும் குறையவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையிடம் போய் ஒரு 'சொறி' சொல்லியிருக்கலாம். அடுத்த ஆட்டத்தில் மறுபடி கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றீர்கள்.

பெட்டைப் பிள்ளைக்கு என்ன பந்து என்று சொந்தக்காரர் கேட்டபோது, என்னைக் கையில் பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டவர் நீங்கள். அதை மறக்கவில்லை. கத்துவதைத் தவறென்று உங்களுக்கு ஊர் சொல்லித் தரவில்லை என்பதும் தெரியும். யாழ்ப்பாணம் குருநகரில் வளர்ந்தவர். துரையப்பா விளையாட்டரங்கில் பாடும்மீன் கழகமும் சென்மேரிஸ் கழகமும் மோதினால் குருநகரும் நாவாந்துறையும் சேர்ந்து கத்தும்; கத்தாதவன்தான் அங்கே அந்நியன். ஆனால் அது வளர்ந்த ஆம்பிளைகளின் ஆட்டம், பெருங்கூட்டம். அதற்குள் ஒருவருடைய குரலும் தனியாகக் கேட்காது. பூங்காவில் இருபது பேர் நிற்கிற கோட்டில் அப்பாவின் குரல் பிள்ளைக்குத் தனியாகக் கேட்கும். பந்து வரும்போது பந்தைப் பார்க்காமல் கோட்டைப் பார்க்கப் பழகிவிடும். நான் பழகினேன். பயிற்றுநர் பின்னுக்குக் கொடு என்பார், நீங்கள் அடி அடி என்பீர்கள், இரண்டுக்கும் நடுவில் பந்து போய்விடும்.

2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மேரவில், மகன் விளையாடிய கழகத்துக்காகக் கோட்டுக் கொடி பிடிக்கப்போன றிச்சர்ட் நியூவன்ஹௌசன் ஆட்டம் முடிந்தபின் அடிபட்டு, அடுத்த நாள் இறந்துபோனார். தண்டிக்கப்பட்டவர்களில் ஆறு பேர் பதின்ம வயதுப் பெடியள். ஏழாவது ஆள் ஒரு பெடியனின் தகப்பன். உங்களை அந்த மனிசனோடு ஒப்பிடவில்லை. ஒருபோதும் ஒப்பிட மாட்டேன். ஆனால் மத்தியஸ்தரைத் திட்டலாம் என்பதைப் பிள்ளைகள் கோட்டோரத்தில் நிற்பவர்களிடம்தான் படிக்கிறார்கள். 2023இல் இங்கே மிடில்ஸ்பறோவில் உள்ளூர் ஆட்ட மத்தியஸ்தர்களின் நெஞ்சில் கமரா கட்டிவிட்டுப் பரீட்சித்துப் பார்த்தார்கள். பூங்கா ஆட்டத்துக்குக் கமரா கட்டவேண்டிய அளவுக்குப் பெரியவர்கள் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

2022 ஜூலை 31 மாலை, எங்கள் வீட்டுக்குக் கேட்கும் தூரத்தில், வெம்பிளி மைதானத்தில், ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் இங்கிலாந்துப் பெண்கள் ஜேர்மனியை 2-1 என்று வென்றார்கள். ரீவிக்கு முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீயும் விட்டிருக்காட்டி..." என்றீர்கள். நான் எழுந்து குசினிக்குப் போனேன். ஏன் விளையாட்டை விட்டேன் என்று நீங்கள் ஒருநாளாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சோதனை, ரியூஷன் என்று அம்மா சொன்னதே உங்களுக்குப் போதுமாக இருந்தது.

இந்த வயதுப் பிரிவுக்கு லீக் புள்ளி அட்டவணைகூட வெளியிடுவதில்லை. அதனால் அந்தப் பிள்ளைகள் பிழை விட்டுப் படிக்கட்டும், நானும் முதல் ஆட்டங்களில் பிழை விடுவேன். அப்போது உங்கள் குரல் அங்கே வேண்டாம். நல்லதாக ஒன்று கத்தினாலும் நான் திரும்பிப் பார்ப்பேன், அந்த நேரத்தில் ஒரு பிள்ளை விழும்.

நவம்பரில் வாருங்கள். கயிற்றுக்குப் பின்னால் நில்லுங்கள், கை தட்டுங்கள், இரண்டு பக்கத்துக்கும் தட்டுங்கள். ஆரையாவது திட்டினால் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்துவேன். அப்பா என்று பார்க்க மாட்டேன். இதற்குச் சம்மதமென்றால் அம்மாவிடம் சொல்லிவிடாமல் நீங்களே எனக்குப் போன் எடுங்கள். சம்மதமில்லை என்றாலும் எடுங்கள்.

உங்கள் மகள்