குடியுரிமையின் 17ஆவது பிரிவைத் திருத்துங்கள்: மலேசிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்களவை உறுப்பினர்களே, வணக்கம்.

பேராக்கில் செம்பனை சூழ்ந்த ஒரு சிறுநகரிலிருந்து எழுதுகிறேன். போன வாரம் எங்கள் பக்கத்து வீட்டுப் பையனின் குடியுரிமை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கடிதத்தில் காரணம் ஒரு வரிகூட இல்லை. அவன் அப்பா உங்களில் ஒருவரின் சேவை மையத்துக்குப் போய்க் கேட்டார். "சட்டத்துக்கு விளக்கம் சொல்றது கோர்ட்டுங்க, கேஸ் போடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சரி, கோர்ட் என்ன சொன்னது? உங்களுக்குத் தெரியாததில்லை. 2021 மே மாதம் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்தில், இதே 17ஆவது பிரிவை வைத்து, ஏழு நீதிபதிகளில் நால்வர், திருமணத்துக்கு முன் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு மலேசியத் தந்தையின் குடியுரிமை சேராது என்றார்கள். மூவர் மாறுபட்டார்கள். அரசியலமைப்பின் வாசகத்தை மாற்றுவது நீதிமன்றத்தின் வேலையில்லை, நாடாளுமன்றத்தின் வேலை என்பதுதான் பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம். நீங்கள் அங்கே போ என்கிறீர்கள், அவர்கள் இங்கே போ என்கிறார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

இந்தப் பையனின் அப்பா நீல ஐசிக்காரர், அதாவது குடிமகனின் அடையாள அட்டை உள்ளவர்; செம்பனைக் குலை வெட்டுபவர். அம்மா தோட்டத்து லயத்தில் பிறந்தவர், பிறப்பைப் பதியாமலே விட்டுவிட்டார்கள். ஐசி இல்லாததால் மாரியம்மன் கோயிலில் கட்டிய தாலியைப் பதிய முடியவில்லை. 1982 மார்ச் முதல் பதிவு கட்டாயம். பதிவில்லாத திருமணத்தில் பிறந்தவனுக்கு 'தந்தை' என்றால் 'தாய்' என்று படிக்கச் சொல்கிறது அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணையின் 17ஆவது பிரிவு. அம்மாவுக்கோ ஐசி இல்லை. ஆகவே, அப்பன் மலேசியனாக இருந்தும் பிள்ளைக்கு நாடில்லை.

பன்னிரண்டு வயதில் ஐசி எடுக்கப் பள்ளிக்கே ஆள் வந்தார்கள். வகுப்பே வரிசையில் நின்று கைரேகை வைத்தது. இவனை மட்டும் நாற்காலி அடுக்கச் சொன்னார்கள். எதற்கு என்று அவன் கேட்கவில்லையாம், அடுக்கியிருக்கிறான். இப்போது வயது பதினேழு. கூட்டாளிகள் மோட்டார் லைசென்ஸ் எடுக்கிறார்கள். இவன் பட்டறையில் நாள் சம்பளத்துக்கு நிற்கிறான், சேமநிதி கிடையாது.

திருத்த முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். 2024 அக்டோபரில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினீர்களே! வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு உரிமை கிடைத்தது, மகிழ்ச்சி. அதே திருத்தத்தில், இங்கே பிறக்கும் நிரந்தரவாசிகளின் பிள்ளைகளுக்குத் தானாகக் கிடைத்துவந்ததை எடுத்தும் விட்டீர்கள். சிவப்பு ஐசியோடு நிரந்தரவாசிகளாகவே இருக்கும் தாத்தா பாட்டிகள் நிறைந்த தோட்டப்புறத்தில் இதை எப்படிச் சொல்வது? அப்புறம், கீழ்நீதிமன்றத்தில் ஒரு பிள்ளை ஜெயித்தால் மேல்முறையீட்டுக்கு அரசாங்க வக்கீல்கள் காட்டும் சுறுசுறுப்பு இருக்கிறதே, அதில் பாதி பதிவு கவுண்டரில் இருந்திருந்தால் இந்த மடலே வேண்டியிருக்காது.

கோபத்தில் எழுதியதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவோடு கேட்பது இதுதான்: 17ஆவது பிரிவைத் திருத்துங்கள். பெற்றோர் திருமணம் பதிவானதா என்று பாராமல், தந்தையின் குடியுரிமை பிள்ளைக்குச் சேரட்டும். 222 பேரில் 148 பேர் கை தூக்கினால் மக்களவையில் போதும். அதுவரை, நிராகரிப்புக் கடிதங்களில் காரணத்தையாவது எழுதச் சொல்லுங்கள். சிறப்புச் சூழலில் சிறார்களைக் குடிமக்களாகப் பதியும் 15ஏ விதியின் கீழ் மீண்டும் மனுப்போடவாவது அது உதவும், அவனுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
உங்களில் ஒருவருக்கு ஓட்டுப் போட்ட தோட்டப்புறத்தான்