லைனில் நின்ற 9 மணி நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

மதிப்பிற்குரிய போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கு, வணக்கம்.

மணலியில் ஒரு ட்ரெய்லர் ஆபீசில் 12 வருடமாக வண்டி அனுப்பும் வேலை பார்க்கிறேன். எந்த லோடு எந்த வண்டிக்கு, எந்த டிரைவர், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதெல்லாம் என் பொறுப்பு, ஒவ்வொரு பயணத்தின் நேரத்தையும் பதியும் ட்ரிப் ஷீட் எழுதுவதும் நான்தான். அதனால் முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த ஷீட்டில் ‘ஓய்வு’ என்ற கட்டத்தில் இத்தனை வருடம் நான் எழுதியதில் பாதிக்கு மேல் பொய்.

டிரைவர் எத்தனை மணி நேரம் ஓட்டுகிறார் என்பதைத் தானாகவே பதியும் கருவியை இங்கேயும் சரக்கு வண்டிகளில் மாட்ட வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது கிளம்புகிறது, அடங்குகிறது. 2021-ல் மத்திய அமைச்சர் நிதின் கட்கரிகூட, விமானிகளுக்கு இருப்பது போல லாரி டிரைவர்களுக்கும் ஓட்டும் நேரத்துக்கு வரம்பு வேண்டும், டிரைவர் தூங்கி வழிந்தால் கண்டுபிடிக்கும் சென்சார் வேண்டும் என்றார். நல்ல விஷயம்தான், நான் எதிர்க்கவில்லை, வரட்டும். ஆனால் அந்தப் பெட்டி எதை எண்ணப் போகிறது என்பதை யார் முடிவு செய்வார்கள் என்று நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த மடல் அதற்காகத்தான்.

எங்களிடம் ஓட்டும் ஓர் அண்ணன், தர்மபுரிப் பக்கத்துக்காரர், 50 வயது தாண்டியவர். மூன்று வருடத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை 7 மணிக்கு கன்டெய்னரை ஒப்படைக்க லைனில், அதாவது உள்ளே போகக் காத்து நிற்கும் வண்டி வரிசையில், வண்டியைப் போட்டார். எந்த இடத்து லைன் என்று நான் சொல்லவில்லை, மணலி, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் வண்டி ஓட்டியவர்களிடம் லைன் என்றாலே போதும். உள்ளே போனபோது மாலை 4 மணி. திரும்பி யார்டுக்கு வந்தவருக்கு நான் மதுரை லோடு கொடுத்தேன், காலையில் அங்கே கேட்டில் வண்டி நிற்க வேண்டும் என்று சரக்குக்காரர் ஆபீசிலிருந்து எனக்கு நாலு போன் வந்திருந்தது. இரவு எட்டரைக்குக் கிளம்பி, மீஞ்சூர் வழியாக அவுட்டர் ரிங் ரோடு பிடித்து, வண்டலூர், திண்டிவனம், உளுந்தூர்பேட்டை எல்லாம் தாண்டி, விடியற்காலை மூன்றரை மணிக்குத் தொழுதூர் பக்கத்தில் ஓரமாக நின்றிருந்த ஒரு லாரியின் பின்னால் போய் ஏற்றினார். கால் இரண்டு இடத்தில் உடைந்தது. உயிர் இருக்கிறது, அதுவரைக்கும் புண்ணியம்.

அன்றைக்கு என் ட்ரிப் ஷீட்டில் என்ன இருந்தது தெரியுமா? காலை 7 முதல் மாலை 4 வரை: ஓய்வு. அதாவது காகிதத்தில் அவர் 9 மணி நேரம் நன்றாகத் தூங்கி எழுந்து, அதற்குப் பிறகு 7 மணி நேரம்தான் ஓட்டியிருக்கிறார். விசாரிக்க வந்தவர்கள் ஷீட்டைப் பார்த்துவிட்டு, ஓய்வெல்லாம் கொடுத்திருக்கிறீர்கள், ஆள்தான் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. உண்மையில் அவர் கண் மூடி 20 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் அவர் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. “லைன்ல வண்டி நிக்கும் தம்பி, நான் எங்க நின்னேன்? பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் ரெண்டு வண்டி நீளம் நகத்தணும், நகத்தலன்னா பின்னாடி இருக்கறவன் பூந்துடுவான். ஒண்ணுக்குப் போறதுக்கே பக்கத்து வண்டிக்காரன்கிட்ட சொல்லிட்டுத்தான் போகணும்” என்றார்.

ஓட்டும் நேரத்தைப் பதியும் அந்தக் கருவி அன்றைக்கு அந்த வண்டியில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அமெரிக்காவில் 2017 டிசம்பரில் இது கட்டாயமானது. அங்கே வண்டி 5 மைல் வேகத்தை, நம் கணக்கில் 8 கிலோமீட்டரை, எட்டினால் கருவி தானாகவே ‘ஓட்டுகிறார்’ என்று எழுத ஆரம்பித்துவிடும். நம் லைனில் வண்டி எட்டு கிலோமீட்டரில் நகர்ந்தால் அன்றைக்குத் தேங்காய் உடைக்கலாம். மற்ற நேரமெல்லாம் என்ன வேலை என்று டிரைவர்தான் பட்டனை அழுத்திச் சொல்ல வேண்டும். பட்டனை அழுத்தாதே, ஓய்வு என்றே விடு என்று என்னைப் போல ஒருவன் போனில் சொன்னால் கதை முடிந்தது. என் கையெழுத்தில் இருந்த அதே பொய் இப்போது சாட்டிலைட் முத்திரையோடு இருக்கும், அதை மறுத்து அந்த அண்ணனால் ஒரு வார்த்தை பேச முடியாது.

அமெரிக்கச் சட்டத்தை நான் குறை சொல்லவில்லை, அங்கே ஏற்றி இறக்கக் காத்திருக்கும் நேரமும் பொதுவாக வேலை நேரம்தான். 11 மணி நேரம்தான் ஓட்டலாம், அதையும் வேலையில் ஏறிய 14 மணி நேரத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டும், அடுத்த ஷிப்டுக்கு முன் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வு. சரி, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குடோன் வாசலில் 5 மணி நேரம் போய்விட்டால் அந்த 14-ல் அது கழிந்துவிடும், மிச்சமிருப்பதில் தூரத்தை முடிக்க வேண்டும், முடித்தால்தான் காசு. கருவி வந்த பிறகு அங்கே ஆய்வு செய்து பார்த்தார்கள். நேர விதிமீறல் நன்றாகவே குறைந்தது, விபத்து குறையவில்லை, சின்னக் கம்பெனி வண்டிகளில் அதிவேகம் போன்ற தப்புகள் கூடியிருந்தன. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. கடிகாரத்தை ஆளின் தலைமேல் மட்டும் தொங்கவிட்டால் அவன் அதை ஆக்சிலரேட்டரில்தான் காட்டுவான்.

நம்மிடம் சட்டம் இல்லாமலா இருந்தது? 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. தொலைதூர வண்டி என்று அனுமதி வாங்கினாலும் 10 மணி, வாரம் 54, அதற்கு மேல் கிடையாது. 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணி ஓய்வு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-வது பிரிவும் இந்த நேரத்தைத்தான் காட்டுகிறது. தொழிலாளர் பாதுகாப்பு, பணிச்சூழல் பற்றிய 2020-ன் தொகுப்புச் சட்டத்துக்குள் இப்போது அந்த 1961 சட்டத்தைக் கரைத்துவிட்டார்கள், அது வேறு கதை. அந்தப் பழைய சட்டத்தில் வேலை நேரம் என்பதற்கு எழுதிய விளக்கம் எனக்குப் பிடிக்கும்: தொழிலாளி முதலாளியின் வசத்திலோ, அவர் வேலையைக் கேட்க உரிமையுள்ள வேறு யார் வசத்திலோ இருக்கும் நேரம். என்ன தெளிவு பாருங்கள். ஆனால் அதே விளக்கத்தில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. டெர்மினலில் சும்மா இருக்கும் நேரம் 15 நிமிடத்துக்குள் இருந்தால்தான் வேலை நேரத்தில் சேரும் என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் மனதில் பஸ் ஸ்டாண்டு இருந்திருக்கும், கண்டக்டர் டீ குடித்துவிட்டு வரும் நேரம். கன்டெய்னர் லைனை அவர் பார்த்திருக்க நியாயமில்லை.

இன்னொரு கூத்தும் உண்டு. நேஷனல் பர்மிட் லாரிக்கு முன்பெல்லாம் இரண்டு டிரைவர் வேண்டும் என்று விதி இருந்தது. எத்தனை பேர் கடைப்பிடித்தார்கள் என்று கேட்காதீர்கள், காகிதத்திலாவது இருந்தது. 2018-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். சரக்கோடு போகும் ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில்லில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு வைத்திருக்கிறோம், அது காலாவதியாகிவிடக் கூடாது என்று ஆபீசில் இரண்டு பேர் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்ப்போம். பெட்டிக்குள் இருக்கும் பொருளுக்கு இருக்கும் கடிகாரம் ஸ்டியரிங் பிடித்தவருக்கு இல்லை.

ஜிபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, எங்கள் எல்லா வண்டியிலும் இருக்கிறது. அதை வைத்து நாங்கள் என்ன செய்கிறோம் தெரியுமா? வண்டி பத்து நிமிடம் நின்றால் முதலாளி போனில் சத்தம் வரும், அவர் என்னைக் கூப்பிடுவார், நான் டிரைவரைக் கூப்பிட்டு “ஏண்ணே நிக்குது?” என்பேன். தூங்க நிறுத்தியவரை எழுப்பத்தான் அது பயன்படுகிறது. அமெரிக்காவில் இந்தக் கருவிக்காக 2010-ல் போட்ட முதல் விதியை அடுத்த ஆண்டே நீதிமன்றம் ரத்து செய்தது இதே காரணத்துக்காகத்தான்: கருவியைக் காட்டி டிரைவரைத் தொந்தரவு செய்யாமல் இருக்க அதில் போதுமான ஏற்பாடு இல்லை என்று. பிறகுதான் அதற்கும் தடை சேர்த்து, பதிவை ஆபீசில் திருத்தினாலும் டிரைவர் ஒப்புக்கொள்ள வேண்டும், பழைய பதிவு அழியாமல் இருக்க வேண்டும் என்றெல்லாம் எழுதினார்கள். நம் விதியில் இது முதல் நாளே இருக்கட்டும், கோர்ட் வரை போக நம் டிரைவர்களுக்கு நேரம் கிடையாது.

எனக்குக் கேட்டால் ஐரோப்பாக்காரர்கள் செய்தது கொஞ்சம் பொருந்தும். அங்கே டாக்கோகிராப் என்ற கருவி, டிஜிட்டலாக 2006-லிருந்து புது வண்டிகளில் கட்டாயம். டிரைவருக்குத் தனி அட்டை, எந்த வண்டியில் ஏறினாலும் அதைச் சொருக வேண்டும், கணக்கு வண்டியோடு இல்லாமல் ஆளோடு போகும். நம் ஊரில் ஒரே டிரைவர் காலையில் ஒரு வண்டி, இரவில் இன்னொரு வண்டி என்று ஏறுவது சாதாரணம், வண்டியை மட்டும் எண்ணினால் இரண்டு வண்டியும் யோக்கியமாகத் தெரியும். அந்தக் கருவியில் நாலு படம் இருக்கிறது: ஓட்டுவதற்கு ஸ்டியரிங், தூங்குவதற்குக் கட்டில், வேறு வேலைக்குக் குறுக்கே போட்ட இரண்டு சுத்தியல், கூப்பிட்டால் வரத் தயாராகக் காத்திருப்பதற்குக் கோடு போட்ட ஒரு கட்டம். காத்திருப்பு என்று ஒன்று இருக்கிறது, அது தூக்கம் இல்லை என்று ஒரு பொம்மைப் படத்திலாவது ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அந்தப் படம் வேண்டும், ஆனால் நம் லைனுக்குச் சுத்தியல்தான் சரி.

அதைவிட முக்கியமாக, அந்த ஐரோப்பிய விதியிலேயே சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கும்படி தூரத்துக்கோ வேகத்துக்கோ ஏற்பக் கூலி கொடுக்கக் கூடாது என்றும், சரக்கு அனுப்புகிறவரும் புக்கிங் ஏஜென்டும் போடும் நேர அட்டவணை டிரைவரின் நேர வரம்புக்குள் இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. இதைத்தான் நான் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். காலையில் மதுரையில் வண்டி வேண்டும் என்று நாலு போன் போட்டவர் பெயர் அந்த விபத்தின் எந்தக் காகிதத்திலும் இல்லை. லைனில் 9 மணி நேரம் நிறுத்தியவர்கள் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை, முதலாளி பெயர் இன்சூரன்சில் மட்டும். கருவி பதிவதை வைத்து நீங்கள் அபராதம் போடப் போவதென்றால் ரசீது இந்த நாலு பேருக்கும் வர வேண்டும். டிரைவருக்கு மட்டும் வந்தால் எங்கள் ஆபீசில் ஒன்றும் மாறாது, அந்தப் பணத்தைப் பேட்டாவில் பிடித்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

முதலாளிகளை வில்லனாக்கிவிட்டு நான் நல்ல பிள்ளையாக நிற்கவில்லை. வண்டி நின்றாலும் தவணை நிற்காது, வண்டி காத்து நின்றதற்கான ஹால்டிங் காசு கேட்டால் அடுத்த லோடு வேறு ஆளுக்குப் போகும். காத்திருந்த நேரம் அரசே நம்பும் ஒரு பதிவில் இருந்தால் அதைக் காட்டி ஹால்டிங் கேட்கலாம், அந்த வகையில் இந்தக் கருவி முதலாளிக்கும் ஆயுதம்தான். இதை எங்கள் முதலாளியிடம் சொன்னபோது முதல் முறையாக அவர் கருவியின் விலை என்ன என்று கேட்டார்.

அப்புறம், ஐரோப்பாவில் போல நாலரை மணி நேரம் ஓட்டினால் நிறுத்து என்று பெட்டி கத்தும்போது எங்கே நிறுத்துவது? தொழுதூரில் அந்த அண்ணன் மோதிய வண்டியும் தூங்குவதற்காக ஓரம் கட்டியதுதான். டோல் வாங்கும் சாலைகளில் விளக்கும் கக்கூசும் டீசல் திருடு போகாத இடமும் இல்லாமல் கருவியை மட்டும் கொண்டுவந்தால் ரோட்டோரத்தில் இன்னும் நிறைய வண்டிகள் நிற்கும்.

சட்டம் டெல்லியில் எழுதப்படுகிறது என்பது தெரியும். வேலை நேரத்தைப் பார்க்க வேண்டியது தொழிலாளர் துறை, சாலையில் வண்டியை நிறுத்துவது உங்கள் ஆட்கள் என்பதும் தெரியும், இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் ட்ரிப் ஷீட் இத்தனை வருடம் பத்திரமாக இருந்தது. மாநிலத்தின் கருத்து என்று நீங்கள் எழுதி அனுப்பும்போது காத்திருப்பும் வேலைதான் என்ற ஒரு வரியைச் சேருங்கள். அதற்காகக் கருத்துக் கேட்புக் கூட்டம் ஏதாவது வைத்தால், கருவி விற்கிறவர்களும் சங்கத் தலைவர்களும் எப்படியும் வந்துவிடுவார்கள், டிரைவர்களும் வர வேண்டுமென்றால் தயவுசெய்து காலை 11 மணிக்கு வைக்காதீர்கள். அந்த நேரத்தில் அவர்கள் லைனில் நிற்பார்கள்.

இப்படிக்கு,
ட்ரிப் ஷீட் எழுதும் ஒருவன்,
மணலி, சென்னை.